கிரெடிட் கார்டு வேண்டுமா, வேண்டாமா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் கணக்குகளில், வேறு விகிதம் சொல்லாத இடங்களில், மாத வட்டி 3 சதவீதம் என்று வைத்திருக்கிறோம். உங்கள் கார்டில் அது கூடவோ குறையவோ இருக்கலாம், பில்லிலேயே அச்சிட்டிருப்பார்கள். தொகைகளுக்கு முன்னால் எந்த நாட்டு நாணயத்தை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கு ஓடும் விதம் ஒன்றுதான்.

கார்டையே தொடாமல் இருப்பது நல்லதா, கவனமாகப் பயன்படுத்துவது நல்லதா?

இரண்டுமே சரியான வழிதான். ஆளைக் கவிழ்ப்பது மூன்றாவது வழி: கார்டை வைத்துக்கொண்டு, பில்லில் ஒரு பகுதியை மட்டும் கட்டிக்கொண்டே போவது.

கார்டைத் தேய்க்கும்போது அது கடனா இல்லையா என்பது முடிவாவதில்லை. கெடு தேதியில்தான் முடிவாகிறது. அன்றைக்குள் முழுத் தொகையும் போய்விட்டால், வங்கியின் பணத்தைச் சில வாரங்கள் சும்மா புரட்டியிருக்கிறீர்கள். ஒரு பகுதி பாக்கி நின்றாலும், முறையான கடன்களில் வட்டி மிக அதிகமான வகைகளில் ஒன்றுக்குள் நுழைந்துவிட்டீர்கள்.

எனவே "எனக்குக் கட்டுப்பாடு உண்டா" என்று மனசைக் கேட்பதைவிட, கடைசி 12 பில்களை எடுத்துப் பார்ப்பது நல்லது. பன்னிரண்டும் முழுதாகக் கட்டியிருந்தால் கார்டு இருக்கட்டும். ஒன்றிரண்டு மறதியால் தவறியிருந்தால் ஆட்டோ டெபிட் (பில் தொகை வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஏற்பாடு) வைத்தால் தீர்ந்துவிடும். கையில் பணம் இல்லாமல் மூன்று தடவை தவறியிருந்தால் கார்டை உங்கள் வருமானத்தின் ஒரு பகுதியாகவே நினைக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பாக்கியை அடைக்கும்வரை அதில் புதிதாக எதையும் வாங்காதீர்கள்.

இதுவரை கார்டு வாங்கியதில்லை. ஒத்துவருமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

மூன்று மாதம் ஒத்திகை பாருங்கள். கார்டில் போடுவதாக நினைக்கும் செலவுகளை டெபிட் கார்டிலேயே செய்துவிட்டு, ஒவ்வொன்றையும் தேதியுடன் குறித்து வையுங்கள். மாத முடிவில் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை உங்கள் மனக்கணக்கைவிட எவ்வளவு கூடியது என்பதுதான் பார்க்க வேண்டியது. பத்தில் ஒரு பங்கு கூடினால் பரவாயில்லை. மூன்றில் ஒரு பங்கு கூடினால், பணம் கையை விட்டுப் போவது தெரியும்போதே செலவு பிடிபடவில்லை. தெரியாதபோது இன்னும் நழுவும்.

வட்டியில்லாக் காலம் 50 நாள் என்கிறார்கள். எல்லாச் செலவுக்கும் 50 நாள் கிடைக்குமா?

கிடைக்காது. அது உச்சபட்சம். உங்கள் பில் ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி போடப்படுகிறது, கெடு 30-ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். 11-ஆம் தேதி வாங்கிய பொருள் அடுத்த மாதம் 10-ஆம் தேதி பில்லில் வந்து, 30-ஆம் தேதி கட்ட வேண்டியதாகிறது. ஏறக்குறைய 50 நாள். 9-ஆம் தேதி வாங்கியது மறுநாளே பில்லில் ஏறிவிடும், 21 நாள்தான். பெரிய தொகையைப் பில் போட்ட மறுநாள் தேய்ப்பது இதனால்தான்.

இந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. முந்தைய பில் முழுதாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். பழைய பாக்கி நிற்கும்போது வாங்கும் புதுப் பொருளுக்குப் பெரும்பாலான கார்டுகளில் ஒரு நாள்கூட இலவசம் கிடையாது. வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும்.

20,000 பில்லில் 19,000 கட்டிவிட்டேன். மீதி 1,000-க்குத்தானே வட்டி?

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். 1,000-க்கு 3 சதவீதம் என்றால் 30 வரும் என்று காத்திருக்கும்போது, பில்லில் 950-க்குமேல் நிற்கும். எப்படி?

பல கார்டுகளில், முழுத் தொகை கட்டப்படாவிட்டால் வட்டியில்லாக் காலம் பின்தேதியிட்டு ரத்தாகிறது. 12-ஆம் தேதி 20,000-க்கு வாங்கினீர்கள், அடுத்த மாதம் 30-ஆம் தேதி 19,000 கட்டினீர்கள். இடையில் 48 நாள். ஆண்டுக்கு 36 சதவீதம் என்ற விகிதத்தில் 20,000-க்கு 48 நாள் வட்டி சுமார் 947. அதன்பின் அடுத்த பில்வரை மீதி 1,000-க்கு இன்னொரு 10. சில வங்கிகள் மிச்சத்துக்கு மட்டும் வட்டி போடுகின்றன. உங்கள் வங்கி எந்த வகை என்பது விதிமுறைத் தாளில் வட்டி கணக்கிடும் முறை சொல்லப்பட்ட பகுதியில் இருக்கும். கார்டு வாங்குமுன் அந்தத் தாளில் ஒரே ஒரு பத்திதான் படிப்பேன் என்றால், அதைப் படியுங்கள்.

இன்னொன்று: அடுத்த மாதம் எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகும் ஒரு சிறு வட்டி அதற்கடுத்த பில்லில் எட்டிப்பார்க்கும். பில் போட்ட நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டிய நாள்வரை ஓடிய வட்டி அது. தவறாக வந்துவிட்டது என்று விட்டுவிட்டால் அதற்குத் தாமதக் கட்டணமும் சேரும்.

மினிமம் தொகையைக் கட்டினால் போதாதா?

மினிமம் என்பது இந்த மாதம் குறைந்தது இவ்வளவாவது கட்டுங்கள் என்று பில் சொல்லும் தொகை. தாமதக் கட்டணம் வராமலும், "கட்டத் தவறியவர்" என்று பதிவாகாமலும் இருக்க அது போதும். கடன் அடைய அது போதாது.

50,000 பாக்கி. மினிமம் பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 1,500 வட்டி சேர்ந்து 51,500 ஆகிறது. அதில் 5 சதவீதம், 2,575 கட்டுகிறீர்கள். மீதி 48,925. அதாவது 2,575 கொடுத்ததில் அசலில் குறைந்தது 1,075 மட்டும். அடுத்த மாதம் பாக்கி கொஞ்சம் குறைந்ததால் மினிமமும் கொஞ்சம் குறைகிறது. அசலில் கழிவதும் குறைகிறது. இப்படியே, புதிதாக எதுவும் வாங்காமல் 32 மாதம் கட்டினால் மொத்தம் சுமார் 60,000 கொடுத்திருப்பீர்கள். அப்போதும் ஏறக்குறைய 25,000 பாக்கி நிற்கும். வாங்கியதைவிட அதிகம் கட்டியாயிற்று, பாதிக் கடன் அப்படியே இருக்கிறது.

இப்போது ஒரே ஒரு மாற்றம். முதல் மாதம் கட்டிய அதே 2,575-ஐ, மினிமம் எவ்வளவு இறங்கினாலும் இறக்காமல், மாதாமாதம் கட்டுங்கள். 30-வது மாதம் கடன் முடிந்துவிடும். மொத்தம் கொடுத்தது சுமார் 76,000. வருமானம் ஒரு காசு கூடவில்லை, முதல் மாதத்தைவிடப் பெரிய தொகையும் எந்த மாதமும் கட்டவில்லை. பில் சொல்லும் தொகையைப் பின்தொடராமல் நீங்களே ஒரு தொகையை நிறுத்திப் பிடித்ததால் வந்த வித்தியாசம் இது. கடனில் இருப்பவர் இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைச் செய்யலாம்.

மாதம் 3 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 36 என்று சொல்வார்கள். வட்டிக்கு வட்டி ஏறினால் அது 42.6 சதவீதம்.

இவ்வளவு குறைவாக மினிமத்தை ஏன் வைத்தார்கள்?

பாக்கி நின்றால்தான் வட்டி வரும். 1950-இல் வந்த டைனர்ஸ் கிளப் அட்டையில் மாத பில்லை முழுதாகவே கட்ட வேண்டியிருந்தது. 1958-இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் வெளியிட்ட பேங்க்அமெரிகார்டு, பாக்கியை மாதத்துக்கு மாதம் தள்ளிவிடலாம் என்ற ஏற்பாட்டைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தது. பின்னாளில் விசா ஆனது அதுதான். தள்ளிவிடும் வசதி பிற்பாடு வந்தது. லாபம் அதில் இருந்ததால் அதுவே வழக்கமாகிவிட்டது.

அவசரத்துக்குக் கார்டில் ரொக்கம் எடுக்கலாமா?

வேறு எந்த வழியும் இல்லாதபோது மட்டும். ரொக்கத்துக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. எடுத்த அன்றே வட்டி தொடங்கும், எடுத்ததற்குத் தனிக் கட்டணமும் உண்டு. 10,000 எடுத்துப் பத்தே நாளில் திருப்பினாலும், 2.5 சதவீதக் கட்டணம் 250, வட்டி சுமார் 100, ஆக 350. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 127 சதவீதத்தைத் தாண்டும். சில வகை வாலட்டில் பணம் ஏற்றுவதையும், சூதாட்டத் தளங்களில் கட்டுவதையும்கூட வங்கிகள் ரொக்கமாகக் கணக்கில் எடுப்பதுண்டு.

பெரிய பில்லை இஎம்ஐ-யாக மாற்றச் சொல்கிறார்கள். மாதம் 1 சதவீதம்தானாம். லாபமா?

முதலில் அது பிளாட் வட்டியா, குறையும் அசலுக்கான வட்டியா என்று கேளுங்கள். 12,000-ஐ 12 மாதத் தவணையாக்கி ஆண்டுக்கு 12 சதவீதம் பிளாட் என்றால் வட்டி 1,440, தவணை 1,120. நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள், வட்டியோ கடைசிவரை முழு 12,000-க்கும் போடப்படுகிறது. உண்மையான விகிதம் ஆண்டுக்கு சுமார் 21.5 சதவீதம். கார்டின் 36-ஐவிட இது குறைவுதான். பாக்கி வைக்கப்போவது உறுதி என்றால் மாற்றுவது நல்லது. முழுதாகக் கட்ட முடிந்தவருக்கு இது தேவையில்லாத செலவு.

"வட்டியில்லாத் தவணை" என்றால், உடனே மொத்தப் பணம் கொடுப்பவருக்கு விலை எவ்வளவு என்று கடைக்காரரிடம் கேளுங்கள். இரண்டு விலைக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் வட்டி. செயலாக்கக் கட்டணம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தவணை முடியும்வரை அந்த அளவுக்கு உங்கள் லிமிட்டும் முடங்கிக் கிடக்கும்.

பாயிண்ட், கேஷ்பேக் எல்லாம் உண்மையிலேயே பயனுள்ளவையா?

முழுதாகக் கட்டுபவருக்கு, ஆம், கொஞ்சம். 1 சதவீதம் திரும்பக் கிடைக்கிறது என்று வைத்தால், ஒரே ஒரு மாதம் பாக்கி வைத்தால் வரும் 3 சதவீத வட்டி மூன்று மாத கேஷ்பேக்கை விழுங்கிவிடும். பாயிண்ட் சேர்க்க வேண்டுமே என்று ஒரு பொருளைக்கூட வாங்காதீர்கள். ஆண்டுக் கட்டணத்தைவிட வருவது அதிகமா என்று வருடத்துக்கு ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

கார்டே இல்லாவிட்டால் கிரெடிட் ஸ்கோர் வராதே, வீட்டுக்கடன் கிடைக்காதே?

கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று கடன் கொடுப்பவர்கள் பார்க்கும் மதிப்பெண்தான் கிரெடிட் ஸ்கோர். அது வர ஏதோ ஒரு கடன் வரலாறு வேண்டும். அந்த வரலாறு கார்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சரியாகக் கட்டிய ஒரு சிறு தவணைக் கடனும் வரலாறுதான். கார்டு வழியாகவே வேண்டுமென்றால், வைப்புத்தொகையை ஈடாக வைத்துத் தரும் கார்டு ஒன்றை வாங்கி, மாதம் ஒரு நிலையான பில்லை மட்டும் அதில் விட்டு, முழுதாகக் கட்டிவாருங்கள்.

அமெரிக்காவில் பரவலாகத் தெரிந்த ஃபைகோ (FICO) ஸ்கோர் முறையில் காலம் தவறாமல் கட்டுவதற்கு 35 சதவீதமும், எவ்வளவு பாக்கி என்பதற்கு 30 சதவீதமும், வரலாற்றின் நீளத்துக்கு 15 சதவீதமும், புதுக் கடன்களுக்கும் கடன் வகைகளுக்கும் தலா 10 சதவீதமும் எடை. ஸ்கோரை ஏற்ற மாதாமாதம் கொஞ்சம் பாக்கி வைக்க வேண்டும் என்று சொல்பவரிடம் இந்தப் பட்டியலைக் காட்டுங்கள். வட்டி கட்டுவதற்கு இதில் மதிப்பெண் கிடையாது.

முழுதாகக் கட்டியும் ஸ்கோர் இறங்குவதுண்டு. பெரும்பாலும் பில் தேதியில் உள்ள தொகையே பதிவுக்குப் போகிறது. லிமிட் 1,00,000, பில் 80,000 என்றால், நீங்கள் பிறகு முழுதாகக் கட்டினாலும் 80 சதவீதம் பயன்படுத்தியவர் என்றே பதிவாகும். கடனுக்கு விண்ணப்பிக்கப்போகும் மாதங்களில், பில் தேதிக்கு மூன்று நான்கு நாள் முன்பே 60,000-ஐக் கட்டிவிடுங்கள்.

டெபிட் கார்டுதானே பாதுகாப்பு?

கடனிலிருந்து பாதுகாப்பு, ஆம். திருட்டிலிருந்து, இல்லை. டெபிட் கார்டில் மோசடி நடந்தால் போவது உங்கள் கணக்கில் இருக்கும் பணம். விசாரணை முடியும்வரை வாடகையும் தவணையும் தடுமாறும். கிரெடிட் கார்டில் முடங்குவது வங்கியின் பணம். பொருள் வந்து சேராதபோதோ, கடை மூடிவிட்டபோதோ பணத்தைத் திரும்பக் கோரும் சார்ஜ்பேக் வழியிலும் இந்த வித்தியாசம் தெரியும். அதற்குக் காலக்கெடு உண்டு, ஆகவே பில் வந்ததும் வரிவரியாகப் பார்த்துவிடுங்கள்.

தெரியாத செலவு ஒன்று வந்தால் வரிசை இது: செயலியில் கார்டைப் பூட்டுங்கள், கார்டின் பின்பக்கம் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள், உங்களுக்கு வந்த அழைப்பில் பேசாதீர்கள், புகார் எண்ணை வாங்குங்கள், அன்றே எழுத்திலும் அனுப்புங்கள். ஓடிபி கேட்பவர் யாராக இருந்தாலும் பேச்சு அத்தோடு முடிந்தது. வெளிநாட்டுப் பரிவர்த்தனை உங்களுக்குத் தேவையில்லாத மாதங்களில் அதை அணைத்தே வையுங்கள்.

மூன்று கார்டில் பாக்கி. எங்கிருந்து தொடங்குவது?

முதலில், ஒரு கார்டில் எடுத்து இன்னொரு கார்டை அடைக்கும் "ரொட்டேஷன்" இன்றோடு நிற்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் கட்டணம் சேர்கிறது, பாக்கி குறைவதில்லை. மூன்று கார்டையும் இணையக் கடைகளிலிருந்தும் செயலிகளிலிருந்தும் நீக்குங்கள்; மாதாமாதம் தானாகக் கழியும் சந்தாக்களை டெபிட் கார்டுக்கு மாற்றுங்கள்.

பிறகு ஒரு தாளில் மூன்றின் பாக்கி, வட்டி, மினிமம், கெடு தேதி. உதாரணமாக: முதல் கார்டு 12,000, மாதம் 3.5 சதவீதம். இரண்டாவது 40,000, 3 சதவீதம். மூன்றாவது 8,000, 2 சதவீதம். 5 சதவீத மினிமம் மூன்றுக்கும் சேர்த்து 3,000. கடனுக்கு மாதம் 6,000 ஒதுக்க முடிகிறது. இரண்டாவதுக்கு 2,000, மூன்றாவதுக்கு 400 என்று நிறுத்திவிட்டு, மீதி 3,600-ஐயும் வட்டி கூடிய முதல் கார்டில் போடுங்கள். நான்காவது மாதம் அது முடியும். விடுபட்ட 3,600-ஐ வீட்டுச் செலவுக்கு விடாமல் இரண்டாவது கார்டோடு சேர்த்து 5,600 கட்டுங்கள். புதுச் செலவு ஏறாவிட்டால் 12-வது மாதம் மூன்றும் காலி.

சிறிய பாக்கியை முதலில் முடித்தால் உற்சாகம் வருமே என்பார்கள். வரும், வட்டி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் திட்டத்தைக் கைவிடுகிற ஆள் என்றால் சிறியதிலிருந்தே தொடங்குங்கள். எந்த வரிசையிலும் மற்ற கார்டுகளின் மினிமம் தவறக் கூடாது.

திட்டம் உடைவது பெரும்பாலும் எதிர்பாராத ஒரு செலவில். வண்டி பழுது, மருந்து, ஏதாவது ஒன்று வந்து மீண்டும் கார்டைத் தேய்க்க வைக்கும். ஆகவே ஒரு மாத அத்தியாவசியச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் வைத்துவிட்டு, அதற்குமேல் உள்ள சேமிப்பைக் கடனில் போடுங்கள். சேமிப்புக் கணக்கின் வட்டி எங்கே, 36 சதவீதம் எங்கே.

தனிநபர் கடன் வாங்கிக் கார்டை அடைக்கலாமா?

கணக்குப்படி நல்லதுதான். 50,000-ஐ ஆண்டுக்கு 15 சதவீதத்தில் 24 மாதத் தவணையாக வாங்கினால் மாதம் சுமார் 2,424, மொத்தம் 58,200-க்குள். மேலே பார்த்த 76,000-த்தோடு ஒப்பிடுங்கள். ஆனால் அடைத்த மறுநாள் கார்டில் லிமிட் முழுதாகத் திறந்து நிற்கும். அதில் மீண்டும் செலவு ஏறினால் ஒரு கடன் இரண்டாகும். லிமிட்டைக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதிவிட்டுத்தான் கடனை வாங்க வேண்டும்.

பாக்கியை வேறு கார்டுக்கு மாற்றும் சலுகையும் இதே வகை. ஆறு மாதம் வட்டியில்லை, 2 சதவீதக் கட்டணம் என்றால் 40,000-க்கு 800 சேர்ந்து 40,800 ஆகும். அதை 6-ஆல் வகுத்து மாதம் 6,800 கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஏழாவது மாதம் வழக்கமான வட்டி திரும்பிவிடும். அந்தக் கார்டில் அந்த ஆறு மாதமும் புதிதாக எதையும் வாங்காதீர்கள்.

மினிமம்கூடக் கட்ட முடியவில்லை. ஒத்துக்கொண்டு செட்டில்மென்ட் பேசலாமா?

கெடு தவறுவதற்கு முன்பே வங்கிக்கு எழுதுங்கள். வேலை போனது, நோய் என்று காரணத்தையும், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற எண்ணையும் சொல்லி, பாக்கியைக் குறைந்த வட்டித் தவணைக் கடனாக மாற்றித் தரக் கேளுங்கள். செட்டில்மென்ட் கடைசி வழி. குறைந்த தொகையில் முடித்ததாகப் பதிவாகும்போது, "முழுதாகக் கட்டி மூடியது" என்பதற்குப் பதில் வேறு சொல் ஏறும். அடுத்த கடன் கொடுப்பவர் அதைக் கவனிப்பார். செய்தே ஆக வேண்டுமென்றால், தொகையும் தேதியும் குறித்த கடிதம் கையில் வரும்வரை பணம் கட்டாதீர்கள். வசூலுக்கு வருபவரின் வாய்வார்த்தை கணக்கில் ஏறாது.

ஆட்டோ டெபிட் வைத்திருந்தும் வட்டி வந்தது. ஏன்?

அமைப்பில் "மொத்த பாக்கி" என்பதற்குப் பதில் "மினிமம்" தேர்வாகியிருக்கும். இல்லையென்றால் கெடு நாளில் கணக்கில் பணம் போதாமல் திரும்பியிருக்கும்; அதற்குக் கார்டிலும் வங்கிக் கணக்கிலும் என்று இரண்டு பக்கமும் கட்டணம் விழலாம். வருமானம் வரும் நாளுக்குச் சில நாள் பின்னால் கெடு வரும்படி பில் தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பல வங்கிகள் மாற்றித் தரும்.

வாங்கிய பொருளைத் திருப்பிவிட்டேன். பில்லைக் கட்ட வேண்டுமா?

கட்டுங்கள். பணம் திரும்பி வருவதற்குள் கெடு வந்துவிடலாம். பில் போட்டபின் வரும் ரீஃபண்ட், நீங்கள் கட்டிய தொகையாகச் சில கார்டுகளில் கணக்கில் வராது. அது அடுத்த பில்லில் கழியும்.

குடும்பத்தில் ஒருவருக்குக் கூடுதல் கார்டு வாங்கித் தரலாமா?

அவர் தேய்ப்பதும் உங்கள் கடன், உங்கள் ஸ்கோர். அந்தக் கார்டுக்குத் தனி உச்சவரம்பு போட முடிந்தால் மட்டும்.

கார்டே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். எப்படி மூடுவது?

அட்டையை வெட்டிப் போடுவது மூடுவதாகாது; கணக்கு திறந்தே இருந்து ஆண்டுக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். சந்தாக்களை மாற்றுங்கள். ஓடும் தவணைகள் இருந்தால் முடித்துவிடுங்கள். மூடும்போது மீதி மொத்தமும் ஒரே தடவையில் கேட்கப்படும். பாயிண்ட்டுகளை எடுத்துவிடுங்கள், மூடியபின் கிடைக்காது. பாக்கியைக் கட்டியபின் ஒரு பில் சுழற்சி காத்திருந்து, முன்பு சொன்ன பின்தொடரும் வட்டி வரவில்லை என்று பாருங்கள். பிறகு எழுத்தில் மூடச் சொல்லி, பாக்கியில்லை என்ற கடிதத்தை வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து உங்கள் கிரெடிட் அறிக்கையில் அந்தக் கணக்கு "மூடப்பட்டது" என்று நிற்கிறதா, பாக்கி சுழியமா என்று பாருங்கள். பல கார்டுகள் இருந்து ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதானால், ஆண்டுக் கட்டணம் இல்லாத பழைய கார்டை விட்டுவைத்துப் புதியவற்றை மூடுங்கள்.